பூட்ஸ் காலும் கைத்தட்டலும்: ஸ்லேட் பேண்டு மேல வந்த கதை

1971-ல ஒரு நாள், இங்கிலாந்துல வால்சால்னு ஒரு ஊர்ல, ஸ்லேட் பேண்டுப் பாடகர் நாடி ஹோல்டர் வீட்டுக்கு, அதே பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிற ஜிம் லீ ஒரு வயலினைத் தூக்கிட்டு வர்றாரு. அடுத்த சிங்கிள், அதாவது தனியா வெளியிடற பாட்டு, நீங்களே எழுதணும், இன்னொருத்தர் பாட்டையே எத்தனை நாள் பாடிட்டு இருப்பீங்கன்னு மேனேஜர் கறாரா சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் உட்காந்தாங்க, ஒருத்தர் கையில அகூஸ்டிக் கிட்டார், இன்னொருத்தர் கையில வயலின், அரை மணி நேரம்கூட ஆகல, பாட்டு ரெடி. மேனேஜர் கேட்டுட்டு இது நம்பர் ஒன்னுன்னு அடிச்சு சொல்றாரு. ஆனா பேண்டுக்காரங்களுக்கு மனசு ஒப்பல. என்னடா இது இவ்ளோ மெல்லிசா இருக்கு, நம்ம கச்சேரிக்கு வர்ற பசங்க இதைக் கேட்டா என்ன நினைப்பாங்கன்னு ஒரு உறுத்தல்.

அதுக்கு அவங்க செஞ்ச வைத்தியம் ரொம்ப எளிமையானது. பூட்ஸ் காலால தரையை மிதிச்சாங்க, கையைத் தட்டினாங்க, அதை அப்படியே பாட்டு மேல ரிக்கார்டு பண்ணிட்டாங்க. பாட்டோட பேரையும் அவங்க ஊர்ப் பேச்சு எப்படியோ அப்படியே எழுத்துக்கூட்டி எழுதினாங்க. 'காஸ் ஐ லவ் யூ'. அக்டோபர்ல வெளிவந்து நவம்பர் நடுவுல பிரிட்டிஷ் சார்ட்ல, அதாவது வாராந்திர விற்பனைப் பட்டியல்ல, முதல் இடம், நாலு வாரம் அங்கயே.

நான் இந்த ஒரு பாட்டை வெச்சே ஸ்லேட்டோட மொத்த வளர்ச்சியையும் பாக்கணும்னு நினைக்கிறேன். ஏன்னா எழுபதுகள்ல பிரிட்டன்ல வந்த, பகட்டான உடையும் அலங்காரமும் சேர்ந்த கிளாம் ராக்னு சொன்னதுமே எல்லாரும் மினுமினுப்பு, உயரமான பூட்ஸ், முகத்துல ஜிகினான்னு போயிடறாங்க, ஸ்லேட் ஜெயிச்சதுக்கும் அதைத்தான் காரணம்னு எழுதறாங்க. எனக்கு அப்படித் தோணல. ஜிகினா கடைசியா வந்து ஒட்டிக்கிட்டது. அதுக்கு முன்னாடியே அவங்க ஒரு வேலை பண்ணிட்டாங்க, கச்சேரிக்கு வந்த கூட்டத்தைத் தூக்கி பாட்டுக்குள்ள வெச்சுட்டாங்க. அது எப்படி நடந்துச்சுன்னு பாக்கறதுக்கு அஞ்சு வருஷம் பின்னாடி போகணும்.

பர்மிங்காமுக்குப் பக்கத்துல பிளாக் கன்ட்ரின்னு ஒரு பகுதி. நிலக்கரி, இரும்பு, உலோகம் வார்க்கற ஃபவுண்டரி, புகை. வுல்வர்ஹாம்ப்டன், வால்சால், பில்ஸ்டன் எல்லாம் அந்தப் பக்கம்தான். அங்க பேசற இங்கிலீஷை லண்டன்காரங்க கிண்டல் பண்ணுவாங்க, நாம சில ஊர்த் தமிழை சினிமால காமெடிக்கு மட்டும் வெச்சுக்கறோமே அதே மாதிரி. ஹோல்டரோட அப்பா ஜன்னல் கண்ணாடி துடைக்கிற வேலை பாத்தவரு. டிரம்மர் டான் பவல் ஃபவுண்டரியில வேலை பாத்தவரு. ஜிம் லீ மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, சின்ன வயசுலயே முறையா வயலின் கத்துக்கிட்டு இளைஞர் ஆர்கெஸ்ட்ரால வாசிச்சவரு. லீட் கிட்டார் டேவ் ஹில். இந்த நாலு பேரும் 1966-ல ஒண்ணு சேர்ந்தாங்க, அப்ப பேண்டோட பேரு 'இன்பிட்வீன்ஸ்', அப்புறம் 1992 வரைக்கும் ஒருத்தர்கூட மாறல. ராக் பேண்டு உலகத்துல 26 வருஷம் அதே நாலு பேருங்கறது சாதாரண விஷயமே இல்ல.

1966-ல இருந்து 1971 வரைக்கும் அவங்களுக்கு ஹிட்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. சர்வீஸ் கிளப், டான்ஸ் ஹால், பப், எங்க கூப்பிட்டாலும் போய் வாசிச்சாங்க, அதுவும் அடுத்தவங்க பாட்டு. 1968-ல பஹாமாஸ் தீவுக்கு ஒரு ஹோட்டல் கிளப்ல வாசிக்கப் போனாங்க, போன இடத்துல பிரச்சனை ஆகி ஹோட்டல் பில்லு தலை மேல ஏறிடுச்சு, அந்தக் கடனை வாசிச்சே கழிக்க வேண்டிய நிலைமை, மாசக்கணக்கா அங்கயே மாட்டிக்கிட்டாங்க. கேக்க சோகமா இருந்தாலும் தினமும் ராத்திரி ஒரே இடத்துல, வெவ்வேற ஆளுங்க முன்னாடி வாசிக்கிறதை விட பெரிய பயிற்சி என்ன இருக்கு? யாரு எந்த அடியில எழுந்து ஆடுவாங்க, எந்த இடத்துல பேச ஆரம்பிப்பாங்க, பேசறவங்களை எப்படித் திருப்பிக் கொண்டு வரணும், இதெல்லாம் ஸ்டுடியோல உக்காந்து கத்துக்க முடியாது.

திரும்பி வந்ததும் ஒரு ரிக்கார்டு கம்பெனி எடுத்துக்குச்சு, பேரை மாத்தச் சொன்னாங்க, 'ஆம்ப்ரோஸ் ஸ்லேட்' ஆச்சு. 1969-ல ஒரு ஆல்பம், 'பிகினிங்ஸ்', யாரும் கண்டுக்கல. ஆனா அந்த வருஷம்தான் லண்டன்ல ஒரு கிளப்ல அவங்களை சாஸ் சாண்ட்லர் பாக்கறாரு. அனிமல்ஸ் பேண்டுல பேஸ் வாசிச்சவரு, அதை விட முக்கியமா கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸை அமெரிக்கால இருந்து லண்டனுக்குக் கூட்டிட்டு வந்த மேனேஜர். அவருக்குப் பிடிச்சது பாட்டு இல்ல, மேடைல இவங்க கூட்டத்தை ஆட்டி வெச்ச விதம். இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா அப்புறம் நடந்த எல்லாத்துக்கும் ஆரம்பம் அங்கதான். சாண்ட்லருக்கு முன்னாடி இருந்த வேலை, இந்த மேடை சூட்டை எப்படி ஏழு இன்ச் ரிக்கார்டு பிளாஸ்டிக்குக்குள்ள அடைக்கறதுன்னு.

முதல் முயற்சி தப்பாப் போச்சு. பேண்டுக்கு ஒரு அடையாளம் வேணும்னு விளம்பர வேலை பாத்த ஒருத்தர் யோசனை சொல்லி நாலு பேரும் தலையை ஒட்ட வெட்டிக்கிட்டு, பெரிய பூட்ஸ், சஸ்பெண்டர் போட்டு ஸ்கின்ஹெட் ஆனாங்க. 1969-70 இங்கிலாந்துல ஸ்கின்ஹெட்னா சண்டை, அடிதடின்னு பேப்பர்ல தினமும் வந்துட்டு இருந்த நேரம். பேரு என்னமோ பரவுச்சு, ஆனா டிவிக்காரங்களும் ஹால் நடத்தறவங்களும் தள்ளி நின்னாங்க. 1970-ல பேரை வெறும் 'ஸ்லேட்'னு சுருக்கிக்கிட்டு 'ப்ளே இட் லவுட்' ஆல்பம் வந்துச்சு, அதுவும் சார்ட் பக்கம் எட்டிப் பாக்கல. என்னோட கணிப்பு என்னன்னா, தப்பு தலைமுடில இல்ல. அந்த வேஷம் கூட்டத்தைப் பாத்து 'கிட்ட வராத'ன்னு சொல்லுச்சு, இவங்க இயல்போ 'வா, வந்து சேர்ந்து பாடு'ங்கற இயல்பு. ரெண்டும் ஒத்துப் போகல. முடியை மெதுவா வளர விட்டாங்க. பூட்ஸை மட்டும் விடல.

1971 நடுவுல 'கெட் டவுன் அண்ட் கெட் வித் இட்'. லிட்டில் ரிச்சர்ட் பாடி இவங்க கேட்டு எடுத்துக்கிட்ட பாட்டு, எழுதினது பாபி மார்சன். வருஷக்கணக்கா கச்சேரியை முடிக்கிறப்ப வாசிச்ச அயிட்டம். ஸ்டுடியோலயும் மேடைல பண்ற மாதிரியே நேரடியா வாசிச்சு, கைத்தட்டலும் கால் மிதியும் சேர்த்தாங்க. ஹோல்டர் அதுல பாடறதை விட கட்டளை போடறதுதான் ஜாஸ்தி, கையைத் தட்டு, காலை மிதின்னு. சார்ட்ல 16-வது இடம். பெரிய வெற்றி இல்லதான், ஆனா அஞ்சு வருஷத்துல முதல் கதவு திறந்துச்சு, எந்த சாவி பொருந்துச்சுன்னும் தெரிஞ்சு போச்சு. அதுக்கு அடுத்ததுதான் நான் ஆரம்பத்துல சொன்ன வயலின் கதை.

அந்தப் பாட்டை ஒரு தடவை நல்ல ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க. வயலின், ஸ்டீஃபன் கிராப்பெல்லி வாசிச்ச பழைய பாரிஸ் ஜாஸ் பாணிய நினைச்சு எழுதினது, கொஞ்சம் சோகமா நெளிஞ்சு நெளிஞ்சு போகும். அதுக்குக் கீழ தரையில பூட்ஸ் அடிக்கு அடி விழுந்துட்டே இருக்கும். வயலின் அந்தரத்துல, கால் மண்ணுல. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஹோல்டரோட குரல், உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரி. கேக்கறவனுக்கு அந்த வயலினை வாசிக்கத் தெரியாது, அந்தக் குரல்ல பாடவும் வராது, ஆனா காலை மிதிக்க யாருக்கும் வரும், முதல் தடவை கேக்கறப்பவே வரும். ஒரு பாட்டுக்குள்ள ரசிகனுக்குன்னு ஒரு இருக்கை போட்டு வெச்சது மாதிரி.

எழுத்துக்கூட்டல் விஷயத்தையும் இதே மாதிரிதான் நான் பாக்கறேன். 'பிகாஸ்' இல்ல, 'காஸ்', அதுவும் சி, ஓ, இசட். லவ்வுக்கு எல், யு, வி. யூவுக்கு மட்டும் பாவம் பாத்து சரியா எழுதிட்டாங்க. அப்புறம் வந்த எல்லாத்துலயும் இது தொடர்ந்துச்சு, 'டேக் மீ பேக் ஹோம்'ல பேக்குக்கு சி காணோம், ஹோமுக்கு எச் காணோம், ஏன்னா அவங்க ஊர்ல யாரும் அந்த எச்சை உச்சரிக்கிறதில்ல. பிள்ளைங்க ஸ்பெல்லிங் கெட்டுப் போகுதுன்னு ஸ்கூல் வாத்தியாருங்க சத்தம் போட்டாங்க. நாம இங்க 'வந்துவிட்டேன்'னு எழுதாம 'வந்துட்டேன்'னு டைப் பண்றோம், யாரும் நம்மள தமிழ் தெரியாதவன்னு நினைக்கறதில்ல, நம்மாளு பேசறான்னு நினைக்கறாங்க. ஃபவுண்டரில வேலை முடிச்சுட்டு வர்ற பையனுக்கு கடை ஷெல்ஃபுல அந்த எழுத்தைப் பாத்தப்ப அதே உணர்வுதான் வந்திருக்கும்.

அந்த அக்டோபர் மாசத்துலயே இன்னொண்ணும் பண்ணினாங்க. லண்டன் பிக்கடில்லில கமாண்ட் ஸ்டுடியோஸ்னு ஒரு இடம், அங்க தங்களோட ரசிகர் மன்ற ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, மூணு ராத்திரி வாசிச்சு அதை ரிக்கார்டு பண்ணி 1972 மார்ச்சுல 'ஸ்லேட் அலைவ்'னு வெளியிட்டாங்க. பிரிட்டன்ல ரெண்டாம் இடம் வரைக்கும் போச்சு, ஆஸ்திரேலியால முதல் இடம். ஜான் செபாஸ்டியன் எழுதின ஒரு மென்மையான காதல் பாட்டு அதுல இருக்கு, ஹோல்டர் உருகி உருகிப் பாடிட்டு இருப்பாரு, இசை அப்படியே அடங்கி ஒரு நிசப்தம் வரும், அந்த இடத்துல பெருசா ஒரு ஏப்பம். வெட்டி எறியல, ஆல்பத்துலயே விட்டுட்டாங்க. சாண்ட்லர் எவ்ளோ தெளிவான ஆளுன்னு எனக்கு அதுல தெரியுது. வேற தயாரிப்பாளரா இருந்தா அதைத் தொடச்சிருப்பாரு. இவருக்கு வேண்டியிருந்தது அந்த அறைல அன்னைக்கு என்ன நடந்துச்சோ அது.

1972 மே மாசம் லிங்கன்ஷயர்ல மழையில நனைஞ்ச ஒரு பெரிய திருவிழா மேடை. வந்திருந்தது பெரும்பாலும் நீளமுடி ராக் ரசிகருங்க, டிவி பாப் பேண்டுன்னா முகம் சுளிக்கிற கூட்டம். ஸ்லேட்னு அறிவிச்சதும் எதிர்ப்புச் சத்தம்தான் வந்துச்சு. முடிக்கிறப்ப அதே கூட்டம் எழுந்து நின்னு இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டுன்னு கேட்டுச்சு. அன்னைக்கு அப்புறம் இவங்களை வெறும் டீனேஜ் பாப்புன்னு ஒதுக்க முடியல. அடுத்த சிங்கிள் 'டேக் மீ பேக் ஹோம்' ஜூலைல முதல் இடம்.

இப்பதான் ஜிகினா. அதுக்கு முந்தின வருஷமே டி.ரெக்ஸ் பேண்டுப் பாடகர் மார்க் போலன் கண்ணுக்குக் கீழ மினுக்குப் பொடி தடவிக்கிட்டு 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' டிவி நிகழ்ச்சில வந்து கிளாமைத் தொடங்கி வெச்சுட்டாரு. பிபிசி ஒன் கலருக்கு மாறினது 1969 நவம்பர்ல, வீட்டுக்கு வீடு கலர் டிவி மெதுவா வந்துட்டு இருந்த சமயம், மினுங்கறவனுக்கு திரையில தனி இடம். இதை முதல்ல மோப்பம் பிடிச்சது டேவ் ஹில். நெத்தி முழுக்க மினுக்கு, வெள்ளி உடுப்பு, நிக்கவே பயமா இருக்கிற உயரத்துல பூட்ஸ். ஜிம் லீக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்ல, இசையை யாரும் மதிக்க மாட்டாங்கன்னு சண்டை. ஹில் சொன்ன பதில் பேண்டுக்குள்ள பழமொழி ஆயிடுச்சு, நீ எழுது, நான் விக்கிறேன்னு. ரெண்டு பேரும் சரின்னுதான் எனக்குப் படுது.

ஆனா ஹோல்டரோட தொப்பி வேற விஷயம். உயரமான கறுப்புத் தொப்பி, சுத்தி வட்ட வட்டமா கண்ணாடி ஒட்டினது. மேடை விளக்கெல்லாம் அணைச்சுட்டு ஒரே ஒரு ஸ்பாட்லைட்டை அவர் தலைமேல அடிச்சா, அந்த வெளிச்சம் உடைஞ்சு ஹால் முழுக்கத் தெறிக்கும், கடைசி வரிசைல நிக்கற பொண்ணு மூஞ்சில வரைக்கும். தலையைத் திருப்பத் திருப்ப வெளிச்சப் பொட்டுகள் கூட்டத்து மேல ஓடும். போலன் மினுங்கினா கண்ணு அவர் மேல இருக்கும், இவரு தொப்பியால வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினாரு. அதுக்கப்புறம் ரசிகருங்களும் தொப்பி செஞ்சு போட்டுக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க, சமையலறை அலுமினியத் தாள் ஒட்டினாக்கூட போதும்.

பாட்டும் அதே வழிலதான் பிறந்துச்சு. ஒரு கச்சேரி முடிஞ்சு ஹால்ல உடைஞ்சு கிடந்த நாற்காலிகளைப் பாத்துட்டு, இன்னைக்கு எல்லாருக்கும் கிறுக்கு பிடிச்சிருச்சுன்னு ஹோல்டர் சொன்னதுல இருந்துதான் 'மாமா வீர் ஆல் கிரேஸி நவ்', 1972 செப்டம்பர்ல மூணு வாரம் முதல் இடம். 'குட்பை டு ஜேன்' ரெண்டாம் இடத்தோட நின்னுடுச்சு, பரவாயில்ல. 1973 ஜனவரில பிரிட்டன் ஐரோப்பிய சந்தைல சேர்ந்ததைக் கொண்டாட நடந்த விழால லண்டன் பல்லேடியத்துல வாசிச்சாங்க, பழங்காலத்து நாடக அரங்கு அது, ரசிகருங்க மிதிச்ச மிதில மாடி பால்கனியே ஆடிச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் 'கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்'. முதல்ல அந்த வரி சத்தத்தைக் 'கேளு'ன்னுதான் இருந்துச்சு. ஒரு கச்சேரில கூட்டத்தோட சத்தம் நெஞ்சுல வந்து இடிச்சதை ஹோல்டர் நினைச்சுப் பாத்து 'உணரு'ன்னு மாத்தினாரு. ஒரே ஒரு சொல்லு. மாத்தின அந்த சொல்லுலதான் பாட்டே நிக்குது.

1973 பிப்ரவரி கடைசில வெளியாகி, மார்ச் முதல் வாரமே அது நேரா முதல் இடத்துல போய் உக்காந்துச்சு. படிப்படியா ஏறல. 1969-ல பீட்டில்ஸோட 'கெட் பேக்'குக்கு அப்புறம் யாருக்கும் அப்படி நடக்கல. ஜூன் கடைசில 'ஸ்க்வீஸ் மீ ப்ளீஸ் மீ'யும் அதே மாதிரி நேரா முதல் இடம். ஜூலை 1-ஆம் தேதி லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்ல 18,000 பேர் கிட்ட கூடின கச்சேரி, டிரெயின்ல இருந்தே தொப்பியும் ஜிகினாவுமா இறங்கினாங்க பசங்க.

மூணு நாள் கழிச்சு, ஜூலை 4, வுல்வர்ஹாம்ப்டன்ல டான் பவலோட கார் விபத்து. கூட இருந்த, அவரு கல்யாணம் பண்ணிக்க இருந்த பொண்ணு இறந்துட்டாங்க. அவரு நாள்கணக்கா நினைவில்லாம கிடந்தாரு. உயிர் வந்துச்சு, ஆனா வாசனையும் ருசியும் போச்சு, புது ஞாபகங்கள் நிக்காம போச்சு. நேத்து என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க டைரி எழுதி வெச்சுக்க வேண்டியதாச்சு. ஏற்கனவே ஒத்துக்கிட்ட ஒரு கச்சேரிக்கு ஜிம் லீயோட தம்பி வந்து டிரம்ஸ் வாசிச்சாரு. வேற டிரம்மரை நிரந்தரமா சேத்துக்கறது ரொம்ப சுலபம், உச்சத்துல இருக்கற பேண்டு, யாரு வேணும்னாலும் ஓடி வந்திருப்பாங்க. இவங்க செய்யல. இந்த இடத்துல எனக்கு அவங்க மேல இருக்கற மதிப்பு இசையைத் தாண்டினது.

சில வாரத்துலயே ஊன்றுகோலோட அவரை நியூயார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரிக்கார்டு பிளான்ட் ஸ்டுடியோ, வெளில கொளுத்தற கோடை வெயில், உள்ள கிறிஸ்துமஸ் பாட்டு. ஜிம் லீயோட மாமியார்தான் வருஷா வருஷம் ஒலிக்கற மாதிரி ஒரு பாட்டு போடுங்களேன்னு சொன்னாங்களாம். ஹோல்டர் 1967-ல எழுதி வேண்டாம்னு தூக்கிப் போட்ட ஒரு மெட்டை லீ ஞாபகம் வெச்சு எடுத்துக் கொடுத்தாரு. ஹோல்டர் ஒரு ராத்திரி பப்புல இருந்து வால்சால் வீட்டுக்கு வந்து, விடியற வரைக்கும் உக்காந்து வரிகளை எழுதி முடிச்சாரு. பனிமலை, தேவதைன்னு எழுதல, சாதாரண வீட்டுக் கிறிஸ்துமஸ், பாட்டி, சொந்தக்காரங்க, காலுறை.

முன்னாடியெல்லாம் நாலு பேரும் ஒண்ணா நின்னு மேடைல மாதிரி வாசிச்சு ஒரே மூச்சுல முடிப்பாங்க. இந்த தடவை அது நடக்கல. பவலுக்கு வாசிக்கற கை மறக்கல, பாட்டோட அமைப்பு மறந்து போச்சு, துண்டு துண்டாத்தான் எடுக்க முடிஞ்சுது. ஆர்மோனியம் ஒண்ணு ஸ்டுடியோல இருந்துச்சு, ஜான் லெனன் பயன்படுத்தினது, அதையும் எடுத்து வாசிச்சாங்க.

'மெர்ரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி'ங்கற அந்தப் பாட்டு பிரிட்டன்ல வெளியானது 1973 டிசம்பர் 7. சுரங்கத் தொழிலாளர் போராட்டம், கரண்ட் பற்றாக்குறை, வாரத்துல மூணு நாள் மட்டுமே தொழிற்சாலைன்னு பிரதமர் ஹீத் அறிவிச்சது அந்த டிசம்பர்லதான், டிவியை ராத்திரி பத்தரைக்கே மூடிட்டாங்க. அந்த இருட்டுல இந்தப் பாட்டு நேரா முதல் இடத்துக்கு வந்து, அஞ்சு வாரம், ஜனவரி நடு வரைக்கும் நின்னுச்சு, பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. ஆறாவது நம்பர் ஒன், கடைசி நம்பர் ஒன்னும் அதுதான். அமெரிக்கால எவ்வளவோ முயற்சி பண்ணியும் இந்த மாயம் வேலை செய்யல. என் கணிப்புல, அந்த எச் இல்லாத ஊர்ப்பேச்சு அங்க யாருக்கும் சொந்தம் இல்ல. பத்து வருஷம் கழிச்சு 1983-ல குவைட் ரயட்னு ஒரு அமெரிக்க பேண்டு 'கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்'ஸைத் தங்கள் குரல்ல பாடினப்ப அங்க அஞ்சாவது இடம் வரைக்கும் போச்சு.

நியூயார்க்குல இன்னும் ஒரு விஷயம் நடந்துச்சு. கிறிஸ்துமஸ் பாட்டோட கோரஸுக்கு ஒரு பெரிய கூட்டம் பாடற மாதிரி ஒலி வேணும். ஊர்ல இருந்திருந்தா ரசிகர் மன்றத்துக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இங்க ஆகஸ்ட் மாசம், தெரியாத ஊர், யாரைக் கூப்பிடறது? ஸ்டுடியோக்குள்ள எதிரொலி பத்தல, அதனால வெளில வராந்தாவுக்கு மைக்கை இழுத்துட்டு வந்தாங்க. ஆபீஸ் போற ஆளுங்க கோட்டு சூட்டோட வேர்த்து விறுவிறுத்து அந்தப் பக்கம் போயிட்டு இருக்காங்க. அவங்க நடுவுல நின்னு, எல்லாருக்கும் மெர்ரி கிறிஸ்துமஸ்னு தொண்டை கிழியப் பாடிட்டு இருந்தாங்க வுல்வர்ஹாம்ப்டன் பக்கத்துப் பசங்க.